தமிழ்நாட்டில் தரகரின்றி வீடு விற்றல்

தரகரின்றி வீடு விற்றல் என்பது, வீட்டுக்கு உரியவரே விலை குறித்து, விளம்பரம் செய்து, வாங்க வருபவரிடம் பேசி முடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் செய்து கொடுக்கும் முறை. பேச்சுவழக்கில் இதை ‘ஓனர் நேரடி விற்பனை’ என்பார்கள். நாளிதழ் வரி விளம்பரங்களிலும் காம்பவுண்டுச் சுவர்களிலும் ‘தரகர்கள் வேண்டாம்’ என்ற குறிப்போடு இது நெடுங்காலமாக நடந்துவருகிறது. தரகர் வழியே விற்றால் விலையில் 1 முதல் 2 சதவீதம் கமிஷனாகப் போவது வழக்கம். வாங்குபவரும் தனியே கொடுப்பார். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு விற்பவர் பங்கு மட்டும் 80,000 முதல் 1,60,000 ரூபாய் வரை ஆகும். இதை மிச்சப்படுத்தவே பலர் நேரடி விற்பனையில் இறங்குகிறார்கள். ஆனால் முன்பின் தெரியாத இருவரை ஒருவரையொருவர் நம்பச் செய்வதும் நல்ல தரகரின் வேலைதான். அவர் இல்லாதபோது அந்த நம்பிக்கையை உரிமையாளரே பத்திரங்களாலும் ஒளிவுமறைவற்ற பேச்சாலும் உண்டாக்க வேண்டியிருக்கிறது. நேரடி விற்பனையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இதில்தான் இருக்கின்றன.

சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அதன்கீழ்ப் பதிவான திட்டங்களில் வீடு, மனை விற்றுத் தரும் முகவர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. தாம் குடியிருந்த வீட்டை விற்பவருக்கு அந்தப் பதிவு தேவையில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தால்தான் விற்க முடியும். அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகள் சொத்திலோ உரிமையிலோ இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது.

ஆவணங்கள்

ஆவணங்களைத் திரட்டுவது விளம்பரத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை. பெரும்பாலோர் அட்வான்ஸ் வாங்கியபின் பத்திரம் தேடத் தொடங்குகிறார்கள். பேசி முடித்த விற்பனை கலைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. வாங்குபவரின் வழக்கறிஞரும் அவருக்குக் கடன் தரும் வங்கியும் கேட்பவை ஏறக்குறைய ஒன்றே: விற்பவர் பெயரிலுள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழ், பட்டா, கட்டட வரைபட அனுமதி, சொத்துவரி ரசீது, மின் இணைப்பு விவரம். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

அதைப் பார்க்கும்போது பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கும். வீட்டுக்கடனுக்காக வங்கியிடம் பத்திரங்களை ஒப்படைத்தபோது செய்த பதிவு அதில் ஏறியிருக்கும். கடனை அடைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அடைத்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதியாவிட்டால் அந்த வில்லங்கம் அப்படியே நிற்கும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடன் இன்னும் பாக்கி இருந்தால் அதை மறைக்கக் கூடாது. வாங்குபவரின் பணத்தில் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்பது அன்றாடம் நடக்கும் ஏற்பாடுதான். முதல் சந்திப்பிலேயே சொன்னால் அது தடையாகாது.

உயில் எழுதாமல் மறைந்த பெற்றோர் பெயரில் இருக்கும் வீட்டில் வாரிசுகள் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். திருமணமாகிப் போன மகளின் கையெழுத்தை ‘பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்று விடுவது, வாங்க வந்தவரை வழக்கில் தள்ளும் செயல். வெளிநாட்டில் இருப்பவர்கள் உறவினருக்குப் பொது அதிகாரம் கொடுத்து விற்கலாம். ஆனால் அதிகாரப் பத்திரமே விற்பனை ஆகிவிடாது, கிரயம் தனியே பதிவாக வேண்டும் என்பதை 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

விலை

அரசின் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக் கணக்குக்கானது. சந்தை விலையை அது காட்டுவதில்லை. அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையே நம்பத்தக்க அளவுகோல். வங்கிகளின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டுப் பொறியாளரிடம் ஓர் அறிக்கை வாங்கி வைத்தால் பேரத்தில் பிடிமானம் கிடைக்கும். தனிவீட்டில் மனைக்குத்தான் பெருமதிப்பு. கட்டடம் ஆண்டுதோறும் மதிப்பிழக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பிரிக்கப்படாத மனைப்பங்கு எத்தனை சதுர அடி என்பதே, கட்டடம் பழையதாக ஆக, விலையைத் தீர்மானிக்கும். வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மேலும் 9 சதவீதம் செலவழிக்கப் போகிறார் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

விளம்பரம்

இணையத்தில் 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்கள் உரிமையாளர்களின் விளம்பரங்களையும் ஏற்கின்றன. பெங்களூருவிலிருந்து இயங்கும் நோபுரோக்கர் தரகரில்லா விற்பனையையே தொழிலாகக் கொண்டது. சிறு நகரங்களில் தினத்தந்தி, தினமலர் வரி விளம்பரங்களுக்கு இன்றும் பலன் உண்டு. இவை எல்லாவற்றையும்விட, வாசலில் தொங்கும் ஒரு தட்டிக்கு வலு அதிகம். அந்தத் தெருவிலேயே வாடகைக்கு இருப்பவர், மகனுக்குப் பக்கத்தில் வீடு தேடும் பெற்றோர் ஆகியோரே பெரும்பாலும் நல்ல விலை தருகிறார்கள்.

‘அருமையான வீடு, அவசர விற்பனை’ என்ற வரி எதையும் சொல்வதில்லை. அவசரம் என்ற சொல் விலையைக் குறைத்துக் கேட்க அழைப்பு விடுக்கிறது. ‘மடிப்பாக்கம், கிழக்குப் பார்த்த தனிவீடு, மனை 1,200 சதுர அடி, சாலை 30 அடி, 2009இல் கட்டியது, சிஎம்டிஏ அனுமதி, ஓனர் நேரடி’ என்று எழுதினால் பொருந்தாதவர்கள் தாமே விலகிவிடுவார்கள். படங்களைப் பகல் வெளிச்சத்தில், பொருள்களை ஒதுக்கிவிட்டு எடுக்க வேண்டும். சமையலறை, குளியலறை, வீட்டு முன் சாலை ஆகியவற்றின் படம் இல்லாத விளம்பரம் சந்தேகத்தைக் கிளப்பும்.

முதலில் வரும் அழைப்புகளில் பாதி தரகர்களுடையதாகவே இருக்கும், மரியாதையாக மறுத்துவிடலாம். ‘ராணுவத்தில் இருக்கிறேன், வீட்டைப் பார்க்காமலே முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று பேசுபவர் மோசடிக்காரர். பணம் பெற யாரும் யுபிஐ ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதில்லை. பத்திர நகலைக் கேட்டவுடன் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் ஆபத்து. நேரில் வந்து வீடு பார்த்தவருக்கு மட்டும், ‘பார்வைக்கு மட்டும்’ என்று குறுக்கே எழுதிய நகலைத் தரலாம். மூலப் பத்திரத்தைப் பதிவு நாள்வரை கைவிடக் கூடாது.

காலமும் கணக்கில் வரும். ஆடியிலும் மார்கழியிலும் பலர் கிரயம் செய்வதில்லை. அதனால் ஆடியில் விளம்பரம் செய்வது வீண் என்று எண்ண வேண்டாம். அந்த மாதத்தில் பார்த்துப் பேசி ஆவணியில் பதிபவர்கள் நிறைய. முகூர்த்த நாள்களில் கூட்டம் மிகுவதால் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் வழங்குகிறது.

வீடு பார்க்க வருபவர் சென்னையில் தவறாமல் கேட்பவை இரண்டு: 2015 வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா, போர் தண்ணீர் நல்லதா உப்பா? தண்ணீர் ஏறியிருந்தால் எந்த மட்டம்வரை, எத்தனை நாள் என்று சொல்லிவிடுவதே நேர்மை, அதுவே விவேகமும்கூட. பக்கத்து வீட்டுக்காரர் எப்படியும் சொல்லப்போகிறார்; அவர் வாயால் தெரியவந்தால் பத்திரத்தின் மீதும் ஐயம் விழும்.

அட்வான்ஸும் பதிவும்

வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் வாங்குவது இரு தரப்புக்கும் தீங்கு. விலை, முன்பணம், கெடு, கெடு தவறினால் என்ன ஆகும் என்பவற்றை விற்பனை ஒப்பந்தமாக எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின் இந்த ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். பதிந்தால் அது வில்லங்கச் சான்றிதழில் ஏறும்; வாங்குபவர் பின்வாங்கினால் ரத்துப் பத்திரத்துக்கு அவர் கையெழுத்தும் தேவைப்படும். ஆகவே வீட்டுக்கடன் கிடைக்குமென்று உறுதியாகாதவரோடு அவசரப்பட்டு ஒப்பந்தம் பதிவது, வீட்டை மாதக்கணக்கில் கட்டிப்போட்டுவிடும். குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின், ஒப்பந்தப்படி விற்கச் சொல்லி வழக்குத் தொடர்பவரின் கை ஓங்கியிருப்பதால், கூடுதல் விலைக்கு வேறொருவர் வந்தார் என்று வாக்கு மாறுவதும் எளிதன்று.

அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாகலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்டுவார். அதற்கான சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவரானால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு கூடும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் இலாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதானால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கையும் ஒப்பிட்டுக் குறைவானதைக் கட்டலாம். இலாபத்தைக் கொண்டு 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ 3 ஆண்டுக்குள் கட்டினாலோ, சட்டம் வகுத்த வரம்புக்குள் விலக்கு உண்டு.

பதிவன்று, வங்கி வரைவோலையோ கணக்கில் ஏறிய பணமோ கையில் உறுதியானபின்தான் கையெழுத்திட வேண்டும். சாவியோடு சொத்துவரி, மின்கட்டணம், குடியிருப்புச் சங்கப் பராமரிப்பு ஆகியவற்றின் கடைசி ரசீதுகளையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது.