மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே

பிள்ளைகளின் ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பலர் உடனே கைப்பேசியைப் பழிக்கத் தொடங்கிவிடுகின்றனர். அதற்கு முன் தொலைக்காட்சியைப் பழித்தோம். அதற்கும் முன் சினிமாக் கொட்டகையைப் பழித்தோம். பழிப்பதற்கு ஏதேனும் ஒரு பொருள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆயினும், இப்பொருள்களெல்லாம் வீட்டினுள் நுழைவதற்கு முன் அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது, அதனை நடத்தியவர் யார் என்று வரலாற்றை வைத்து விசாரிப்போர் மிகச் சிலரே. அவ்விசாரணைக்குத் தமிழகத்துக் கடற்கரை முஸ்லிம் ஊர்கள் நல்ல சான்று தருகின்றன. அவற்றுள் சென்னைக்கு வடக்கே, பொன்னேரிக்கு அப்பால், ஏரியும் கடலும் கூடுமிடத்தில் அமைந்த பழவேற்காட்டை முன்வைத்து இதனைச் சிறிது பார்ப்போம்.

பழவேற்காட்டை ஒட்டிய மீனவக் குப்பங்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கட்டிய கெல்திரியா கோட்டை இன்று முட்புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. குப்பத்தின் பெயரில் மட்டும் கோட்டை இடியாமல் நிற்கிறது. போர்ச்சுகீசியரும், அவர்களை அடுத்து டச்சுக்காரரும், 1825க்குப் பின் ஆங்கிலேயரும் ஆண்ட இத்துறைமுகத்திலிருந்து தறிச் சேலைகளும் கைலிகளும் கைக்குட்டைகளும் கீழை நாடுகளுக்குக் கப்பலேறின. அத்துணியை ஏற்றிச் சென்ற வணிகருள் நம் மரக்காயர்களும் இருந்தனர். தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்திறங்கியவர்கள் என்பது அவ்வூர் முஸ்லிம் குடும்பங்களின் வாய்மொழி மரபு. வாய்மொழி மரபை ஆவணமாகக் கொள்ள இயலாது. எனினும், அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தோர் இருந்தனர் என்பதற்கு அதுவே ஆவணமாகும்.

இதே துறைமுகத்தின் மற்றொரு முகத்தையும் மறைக்கலாகாது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி இங்கிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. பஞ்ச காலங்களில் பசி தாங்காது பெற்றோரே தம் பிள்ளைகளை விற்ற கொடுமையும் சோழமண்டலக் கரையில் நிகழ்ந்தது. பிள்ளையின் ஓய்வு நேரத்தைப் பற்றிக் கவலைப்படும் வாய்ப்பே எல்லாப் பெற்றோருக்கும் கிடைத்துவிட்டதன்று என்பதை நினைவிற் கொண்டே மேலே செல்லவேண்டும்.

கடல் வணிகக் குடும்பங்களில் தந்தையார் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. அக்காலப் பாய்மரக் கப்பல் பருவக்காற்றை நம்பியது. அச்சைக்கோ மலாக்காவுக்கோ சென்றவர் காற்றுத் திரும்பும்வரை அங்கேயே தங்கவேண்டும். சரக்கு விலைபோகாவிடில் இன்னோர் ஆண்டும் தங்கவேண்டும். ஆகவே பிள்ளைகளின் நாளை வகுத்தவர்கள் தாய்மாரும் பாட்டிமாருமே. காலையில் ஓதல் பள்ளி. பகலில் வீட்டு வேலை, விளையாட்டு. பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் யாவரும் வீட்டிற்குள். இந்த வழக்கத்திற்கு மார்க்க ஆதாரமும் உண்டு. இருள் கவியும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்து வைக்குமாறும், இரவில் ஒரு நாழிகை கழிந்தபின் விடலாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இடம்பெற்றுள்ளது. பிள்ளையை உள்ளே அழைப்பதோடு பெற்றோர் கடமை முடியவில்லை. அழைத்தபின் உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்பதே நாம் பார்க்கவேண்டியது.

வைத்திருந்தது ஒரு விளக்கும் சில ஏடுகளும். மக்ரிபுத் தொழுகை முடிந்து இஷா வரையிலான அந்நேரத்தில், கற்ற குடும்பங்களில் பெரியவர் ஒருவர் ஓத, சுற்றியிருந்தோர் கேட்பர். யூசுபு நபியின் கிஸ்ஸா இருக்கும், படைப்போர் இருக்கும், மாலைகளும் முனாஜாத்துகளும் இருக்கும். மசலா என்னும் வகை பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போலத் தோன்றும். கேள்வியும் விடையுமாகச் செல்வது அது. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் மூத்ததென அறிஞர் கருதும், வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’ (1572) அவ்வகையினதே. ‘நூறு மசலா’விலோ அரசகுமாரி ஒருத்தி கேட்கும் நூறு கேள்விகளுக்கு விடை சொன்னாலன்றி மணம் நடவாது. ஓதுபவர் கேள்வியைப் படித்துவிட்டுச் சற்றே நிறுத்தினால் போதும். விடுகதையில் தோய்ந்த பிள்ளை தானே வாய் திறக்கும். மார்க்கச் சட்டமும் உலகியலும் இவ்வாறு விளையாட்டின் வழியே உள்ளே புகுந்தன.

இந்நூல்களுள் பல அரபுத்தமிழில், அதாவது தமிழ் மொழியை அரபு எழுத்தில் பொறிக்கும் முறையில், எழுதப்பட்டன. குர்ஆன் ஓதக் கற்ற பெண்ணுக்கு அரபு எழுத்துத் தெரியும். பேசும் மொழியோ தமிழ். இரண்டையும் இணைத்தால் வீட்டை விட்டு வெளியே செல்லாமலேயே ஒரு நூலகம் திறந்துவிடுகிறது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்ட நூலாகிய ‘மகானி’யை இம்முறையில் இயற்றியது, அரபு இலக்கணத்தில் புகாத ஆண்களும் பெண்களும் தாமே படித்து அறிய வேண்டும் என்பதற்காகவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபின் இத்தகைய நூல்கள் பெருகி இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றன. பழவேற்காட்டிலும் அரபுத்தமிழ் ஏடுகளைக் கண்போல் காத்துவந்த குடும்பங்கள் உண்டு.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். அரபுத்தமிழைக் கற்பிக்க அரசு பள்ளி நடத்தவில்லை. மதரஸாக்களிலும் அது துணைப்பாடமாகவே இருந்தது. அதற்குத் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஓய்வு நேரத்தில், தாயின் பக்கத்தில் அமர்ந்து, அவர் விரல் நகரும் வரியைக் கண்ணால் தொடர்ந்து கற்ற எழுத்து அது. பல நூற்றாண்டுகள் ஓர் எழுத்து முறையை இச்சமுதாயம் பெரும்பாலும் அந்த ஒரு நேரத்தைக் கொண்டே காப்பாற்றியது.

இப்படிச் சொல்வதால் அக்காலப் பிள்ளைகள் ஓதியே வளர்ந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. ஓதல் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு நல்ல விளையாட்டை அனுமதிக்கவேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாது பாடத்திலேயே வாட்டினால் அதன் உள்ளம் செத்துப்போகும், அறிவு மழுங்கும், தப்பிப்பதற்குத் தந்திரம் தேடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் கூறியுள்ளார்கள். 1111இல் மறைந்த பெரியார் ஒருவர் இன்றைய தனிப்பயிற்சி வகுப்புகளைக் கண்டுவிட்டுச் சொன்னது போல் இருக்கிறது இது! செல்லமாக வளர்த்த சிறு குருவியை இழந்து வாடிய அபூ உமைர் என்னும் சிறுவரிடம் அக்குருவியைப் பற்றியே பரிவோடு விசாரித்து விளையாடியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளை வைத்து விளையாடியதும், பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தம்மோடு நிறுத்திக் காட்டியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. இந்நிகழ்ச்சிகளை நாம் விளையாட்டு ஆகுமா ஆகாதா என்ற சட்டத்திற்கு மட்டும் எடுத்துக்காட்டி வருகிறோம். பெரியவர் உடனிருந்தார்கள், நின்று பார்த்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

அரபியில் ஓய்வு நேரத்திற்கு ‘ஃபராக்’ என்று பெயர். காலியாக இருத்தல், வெற்றிடம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். மனிதருள் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகளுள் ஒன்றாக இதனை நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள், மற்றொன்று உடல்நலம். தமிழில் ‘ஓய்வு’ என்பது ஓய்தல், களைத்து நிற்றல் என்ற பொருளில் பிறந்தது. தமிழ்ச் சொல் களைப்பை நினைக்கிறது. அரபுச் சொல் நிரப்பக் காத்திருக்கும் பாத்திரத்தை நினைக்கிறது.

கோட்டைக்குப்பத்து மீனவரிடமும் இதற்கு நேரான ஒன்றைக் காணலாம். அவர்கள் பட்டினவர், நம் மார்க்கத்தார் அல்லர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊராரும் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் ‘பாடு’ என்னும் முறையில் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்து வந்துள்ளனர். தலைக்கட்டு என்னும் குடும்பக் கணக்கில் சேர்ந்தவருக்கே அவ்வுரிமை. எந்த இடம், எந்த நாள், யாருடைய முறை என்ற இந்த நுட்பக் கணக்கைப் பிள்ளைகள் பள்ளிப் பாடமாகக் கற்கவில்லை. வலையைச் செப்பனிடும் தந்தைக்கு அருகில் மணலில் விளையாடிக்கொண்டே, பெரியவர்களின் வழக்கையும் வாதத்தையும் காதில் வாங்கிக் கற்றனர். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பனையோலைக் கைவினையும் அவ்வாறே. பெட்டியும் தட்டும் முடையும் அவ்வேலை தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு இறங்கியது.

குறையும் இல்லாமலில்லை. பெண் பிள்ளை பருவமெய்தியதும் ஓதல் பள்ளியை நிறுத்திய ஊர்கள் பல. அதன்பின் அவளுக்குக் கிடைத்த கல்வி வீட்டிலிருந்த ஏடுகளின் அளவே. ஏடில்லாத வீட்டில் அதுவும் இல்லை. ஓதல் பள்ளியின் பிரம்போ தனிக்கதை. கடுமையினால் வளரும் பிள்ளை பொய்யும் சூதும் பழகும் என்று இப்னு கல்தூன் (1332–1406) எச்சரித்திருந்தும் நம் லெப்பைமார் பலரின் செவியில் அது ஏறவில்லை. பெண் கல்விக்காகப் போராடிய கண்டி சித்திலெவ்வை மரைக்காயர் 1885இல் ‘அசன்பே சரித்திர’த்தை நாவலாக எழுதியபோது, கிஸ்ஸா கேட்டுப் பழகிய குடும்பங்களுக்குப் புதிய கதை ஒன்று கிடைத்தது. பழையதைக் காப்பது ஒன்றே அம்முன்னோரின் நோக்கம் என்று கருதுவது தவறு.

பின் இந்நேரம் எப்போது காலியாயிற்று? தொலைக்காட்சியின் மேல் பழியைப் போடுவோருக்கு ஆண்டுக் கணக்கு ஒத்துவராது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15இல். அரபுத்தமிழ் அதற்கு நெடுங்காலம் முன்பே வீடுகளில் மங்கிவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சுநூல் மலிந்தது ஒரு காரணம், அது வருந்தத்தக்கதன்று. பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டது மற்றொன்று. இவ்விரண்டையும்விடப் பெரிதாக நான் கருதுவது, பிள்ளைக்குக் கற்பிப்பது பள்ளியின் வேலை, ஓதிக்கொடுப்பது உஸ்தாதின் வேலை என்று பெற்றோர் தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டதைத்தான். சம்பளம் கொடுத்து இரண்டையும் வெளியே அனுப்பியபின் வீட்டில் எஞ்சியது நேரம் மட்டுமே. தொலைக்காட்சி வந்தபோது நாற்காலி ஏற்கெனவே காலியாக இருந்தது. அது வந்து அமர்ந்துகொண்டது.

1970களில் வளைகுடாப் பயணம் பெருகியபோது தந்தையர் மீண்டும் கடல் கடந்தனர். மலாக்கா சென்ற பாட்டனாரின் வீட்டிற்கும் துபாய் சென்ற பேரனின் வீட்டிற்கும் தந்தை இல்லாமை பொது. முன்னதில் தாயின் கையில் ஏடு இருந்தது. பின்னதில் தந்தை அனுப்பிய டேப் ரிக்கார்டரும் வீடியோப் பெட்டியும் இருந்தன. அன்பு குறைந்துவிடவில்லை. தாம் உடனிருக்க இயலாத நேரத்தைப் பொருளால் ஈடுசெய்ய முயன்ற அன்பு அது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியே வகுப்பறையாயிற்று. பாடம் முடிந்தபின்னும் அது பிள்ளையின் கையை விட்டு இறங்கவில்லை. மறு ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி, மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே தன்னார்வலர்களைக் கொண்டு பிள்ளைகளைக் கூட்டிக் கதையும் பாட்டும் பாடமும் சொல்ல ஏற்பாடு செய்தது. நல்ல திட்டம்தான். அத்தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நம் பாட்டிமார் கூலியின்றிச் செய்த வேலைக்கு அரசு ஊக்கத்தொகை வைக்கவேண்டிய காலம் வந்துவிட்டது!

இதற்கிடையில் அறிஞர்கள் தம் கடமையைச் செய்யாமலில்லை. 1973இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் ஆகியோரின் ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ 1986 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிவந்தது. தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்களின், அரபுத்தமிழ் பற்றிய விரிவான ஆங்கில ஆய்வு நூல் 1993இல் வெளியாயிற்று. சமையலறைத் திண்ணையில் ஒரு மூதாட்டி கண் சுருக்கிப் படித்தது இன்று பல்கலைக்கழகத்து ஆய்வுப் பொருள். ஆய்வாளர் வந்து படித்துக் காட்டினால்தான் தம் வீட்டுப் பெட்டியில் இருப்பது தாலாட்டா, சட்ட நூலா, கடன் பத்திரமா என்று தெரியும் நிலையில் பேரப்பிள்ளைகள் உள்ளனர்.

ஆயினும், நினைப்பது போல் அது கடினமான எழுத்தன்று. குர்ஆன் ஓதும் பிள்ளைக்கு அரபு எழுத்துகள் முன்பே தெரியும். அரபியில் இல்லாத ப, ட, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளின் மேலோ கீழோ புள்ளி கூட்டி நம் முன்னோர் புது எழுத்து அமைத்தனர். ‘ளாது’ என்னும் அரபு எழுத்தை நம்மவர் ளகரம்போல் ஒலிப்பதனாலேயே பர்ளு, வுளு என்கிறோம். ழகரத்திற்கு அவ்வெழுத்தின் கீழேயே ஒரு புள்ளி இட்டனர். எகர ஒகரங்களுக்கும் தனிக் குறிகள் உண்டு. அவ்வளவே வேறுபாடு. கூட்டிப் படிக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கு மக்ரிபுக்குப் பின் ஒரு வாரம் போதும். அதன் பக்கத்தில் அமர்ந்து தானும் சேர்ந்து கற்கும் தாய்க்கோ தந்தைக்கோ இன்னும் ஒரு வாரம் கூடுதலாக ஆகலாம்.