மூன்று பேருக்கு ஒரு பெட்டி: லெகோ தெரபி பிறந்த கதை

டேனியல் லெகாஃப் குழந்தைகளுக்கான நரம்பு உளவியலாளர். 1990-களில் ஹவாயின் தலைநகரான ஹொனலூலுவில் அவரிடம் வந்தவர்களில் ஆஸ்பெர்ஜர் எனக் கண்டறியப்பட்ட சிறுவர்களும் இருந்தார்கள். தெளிவாகப் பேசுவார்கள், வயதுக்கு மீறி விஷயம் தெரிந்துவைத்திருப்பார்கள், ஆனால் பக்கத்துப் பையனோடு சேர்ந்து பத்து நிமிடம் விளையாட வராது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஆஸ்பெர்ஜர் என்ற பெயர் ஏறியது 1994-இல். 2013-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ஆட்டிசம் என்ற பொதுப் பெயருக்குள் அதையும் சேர்த்துவிட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சமூகத் திறன் கற்றுக்கொடுக்க அப்போது பரவலாக இருந்த வழி ஒத்திகை. எதிரில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லு, பெயரைக் கேளு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திரு என்று ஒவ்வொன்றாகப் பழக்குவார். சரியாகச் செய்தால் பாராட்டோ பரிசோ உண்டு. பையனும் அந்த அறைக்குள் சொன்னபடி செய்வான். வெளியே விளையாட்டு மைதானத்தில் விட்டால் பழையபடி சுவரோரமாய்த் தனியே நிற்பான். அறையில் கற்றது வாசலைத் தாண்டாது. சமூகத் திறன் பயிற்சி தருகிறவர்கள் எல்லாரையும் அன்றும் இன்றும் படுத்துகிற சிக்கல் இதுதான்.

லெகாஃபிடம் தனித்தனியாக வந்துகொண்டிருந்த சிறுவர்களில் இருவர் ஒருநாள் காத்திருப்பு அறையில் சந்தித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கையிலும் லெகோ என்கிற பொருத்திக் கட்டும் பொம்மை. லெகாஃப் கதவைத் திறந்து பார்த்தபோது இருவரும் தத்தம் லெகோவை மற்றவனுக்குக் காட்டி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வைத்து அவர் கற்றுக்கொடுக்கப் போராடிக்கொண்டிருந்த அத்தனையும் வெளியே தானாக நடந்துகொண்டிருந்தது. ஒருவன் காட்டுகிறான், இன்னொருவன் கேட்கிறான். யாரும் சொல்லித்தரவில்லை, பரிசும் இல்லை.

இதைப் பார்த்த ஒருவர், ‘பரவாயில்லையே, பழகிக்கொண்டார்கள்’ என்று மகிழ்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். லெகாஃப் தன் வேலைமுறையையே மாற்றினார். பெற்றோரின் சம்மதத்தோடு இருவரையும் சேர்த்தே வரச்சொன்னார். பிறகு அதே மாதிரிப் பிள்ளைகள் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் லெகோ கிளப். தெரபிக்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்த பையனால், கிளப்புக்குப் போகிறேன் என்று சொல்ல முடிந்தது. ஒரு பத்து வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது தெரபி மையங்களின் வாசலில் காத்திருந்த பெற்றோருக்குத் தெரியும்.

ஆனால் பெட்டியைப் பிரித்துக் கொட்டிவிட்டால் மட்டும் நட்பு வந்துவிடாது. லெகோ பிடித்த மூன்று பிள்ளைகளை ஒரே பாயில் உட்காரவைத்தால், மூவரும் மூன்று மூலைக்குத் திரும்பி மூன்று வண்டிகள் கட்டுவார்கள். சேர்ந்து செய்தால்தான் முடியும் என்கிற நிலை வேண்டும். அதற்காக உருவானதுதான் இந்த முறையின் உயிர்நாடியான வேலைப் பிரிவினை. ஒருவர் இன்ஜினியர், ஒருவர் சப்ளையர், ஒருவர் பில்டர். நம்மூர்க் கட்டட வேலையில் இன்ஜினியர், சித்தாள், கொத்தனார் இருப்பதுபோல.

ஒரு சுற்று எப்படிப் போகும் என்று பார்ப்போம். படம் போட்ட செய்முறைப் புத்தகம் இன்ஜினியர் கையில் இருக்கும். மற்ற இருவரும் அதை எட்டிப் பார்க்கக் கூடாது. கட்டைகள் கொட்டிய தட்டு சப்ளையர் முன்னால் இருக்கும். அதில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. பொருத்துவது பில்டர், அதாவது கொத்தனார் மட்டும்.

“சிவப்பு. ரெண்டுக்கு நாலு. ஒண்ணு” என்கிறான் இன்ஜினியர். சப்ளையர் துழாவி ஒன்றை எடுத்து நீட்டுகிறான். கொத்தனார் வாங்கி அழுத்துகிறான். இன்ஜினியர் புத்தகத்தைப் பார்க்கிறான், கட்டியதைப் பார்க்கிறான். “தப்பு.” எது தப்பு? சொன்னதா, எடுத்ததா, வைத்ததா? கொத்தனாருக்கு முகம் சிவக்கிறது, தான் சரியாகத்தான் வைத்ததாக அவன் நினைக்கிறான். “குமிழை எண்ணு” என்கிறான் இன்ஜினியர். எண்ணிப் பார்த்தால் ஆறு. எட்டு இருக்க வேண்டும். சப்ளையர் எடுத்துக்கொடுத்தது ரெண்டுக்கு மூணு. கட்டை திரும்பிப் போகிறது, வேறு ஒன்று வருகிறது, வேலை தொடர்கிறது.

இந்த அரை நிமிடத்துக்குள் என்னவெல்லாம் நடந்துவிட்டது பாருங்கள். மனதில் இருக்கும் படத்தை அதைப் பார்க்காதவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். சொன்னவன் எதைச் சொன்னான் என்று கேட்டவன் ஊகிக்க வேண்டும். கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். தப்பு என்று ஒருவன் சொன்னால் அது தன்னைத் திட்டியதாகாது, கட்டையைப் பற்றியது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் வேலைகள் கைமாறும். சற்றுமுன் அதட்டிய இன்ஜினியர் இப்போது தட்டின்முன் உட்கார்ந்து துழாவுவான். அவசரப்படுத்தினால் எப்படியிருக்கும் என்பது அப்போது அவனுக்கே தெரியும்.

இதில் பெரியவருக்கு இருக்கும் வேலைதான் மிகக் கடினம். அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. விடை தெரிந்தாலும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். “இங்கே ஏதோ சிக்கல் மாதிரி இருக்கே, என்ன பண்ணலாம்?” என்பதோடு நிறுத்திக்கொண்டு, வழியை அவர்களே கண்டுபிடிக்க விட வேண்டும். இரண்டு பேர் ஒரே வேலைக்குச் சண்டை போட்டால், போன வாரம் நீங்களே எப்படி முடிவு செய்தீர்கள் என்று நினைவுபடுத்தலாம். அதற்குமேல் போகக் கூடாது.

கிளப்புக்குச் சட்டதிட்டங்களும் உண்டு. உடைத்தவர் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் உதவி கேட்க வேண்டும். இன்னொருவர் கையில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது, கேட்டு வாங்க வேண்டும். கத்தக் கூடாது. கேலி கூடாது. முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். எழுதிச் சுவரில் ஒட்டப்படும் இந்த விதிகளில் முதலாவதைக் கவனியுங்கள். உடைக்காதே என்று அது சொல்லவில்லை. உடையும் என்பது தெரிந்த விஷயம். அதன் பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் விதி. கட்டியது சரிந்ததும் அலறித் தரையில் விழுகிற பிள்ளைக்கு, அழுகைக்குப் பிறகும் ஒரு வழி இருக்கிறது என்று அந்த வரி சொல்கிறது. உதவி கேட்பது அவமானம் கிடையாது, அதுவும் விதிதான் என்றும் சொல்கிறது.

உறுப்பினர்களுக்குப் படிப்படியாகப் பட்டமும் உண்டு: உதவியாளர், பில்டர், படைப்பாளர், மாஸ்டர், கடைசியாக ஜீனியஸ். உதவியாளர் கட்டைகளை நிறவாரியாகப் பிரித்துவைத்தாலே போதும். கட்ட வராதவரும் கிளப்பில் இடம்பெற முடியும் என்பதற்கான ஏற்பாடு அது. மேல்படிக்குப் போகிறவர் ஒரு குழுவையே நடத்திக் காட்ட வேண்டும். சான்றிதழை மற்ற பிள்ளைகள் முன்னால்தான் கொடுப்பார்கள். 

எல்லாம் சரி, ஏன் லெகோ? டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் தொடங்கிய பொம்மைத் தொழில் அது. இன்றைய கட்டையின் வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டுக் கட்டை இன்றைய கட்டையோடும் கச்சிதமாகப் பொருந்தும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறை 91,51,03,765 விதங்களில் சேர்க்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மாறாத ஒழுங்கு, மறுபக்கம் தீராத புதுமை. மனிதர்களின் முகமும் குரலும் நொடிக்கு நொடி மாறிக் குழப்பும்போது, நேற்றுப் பொருந்தியது இன்றும் பொருந்தும் என்று உறுதி தருகிற பொருள் ஆட்டிச நிலைப் பிள்ளைகள் பலருக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை. விதிகளால் இயங்கும் அமைப்புகளின்மேல் அவர்களுக்கு இயல்பாகவே ஈர்ப்பு அதிகம் என்பது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சைமன் பேரன்-கோஹனின் வாதம். லெகோவை அவரும் கவனிக்கத் தொடங்கியது அதனால்தான்.

ஹவாயிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு, நியூ ஜெர்சிக்கு லெகாஃப் இடம்பெயர்ந்தபோது கிளப்பும் கூடவே போனது. 2004-இல் 47 பிள்ளைகளைப் பற்றிய தன் ஆய்வை ஆட்டிசம் குறித்த முக்கியமான ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். எண்ணிக்கையைவிட அவர் அளந்த இடம்தான் முக்கியம். கிளப்புக்குள் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து மார்தட்டிக்கொள்ளவில்லை. லெகோவும் இல்லாமல், தெரபிஸ்ட்டும் இல்லாமல், மற்ற பிள்ளைகள் தம்போக்கில் விளையாடும் நேரத்தில் தானாகப் போய் எத்தனை முறை பேச்சுக்கொடுக்கிறது, அந்தப் பழக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்தார். இடம் கிடைக்கக் காத்திருந்த காலத்தில் அந்தப் பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சேர்ந்து 12 வாரம் ஆனதும் மாற்றம் தெரிந்தது, 24 வாரத்தில் இன்னும் தெரிந்தது. வாசலைத் தாண்டாத பயிற்சிக்கு அது ஒரு பதில்.

2006-இல் மைக்கேல் ஷெர்மனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு மூன்று ஆண்டுக்கால முன்னேற்றத்தைப் பார்த்தது. கிளப்பில் இருந்த 60 பேரை வேறு வகை உதவி பெற்ற 57 பேரோடு ஒப்பிட்டது. கிளப் பிள்ளைகளே முந்தியிருந்தார்கள். 2008-இல் பேரன்-கோஹன் குழு பிரிட்டனில் 6 முதல் 11 வயதுவரையான பிள்ளைகளுக்கு 18 வாரம் இதையும், மொழிப் பயன்பாட்டை நேரடியாகக் கற்பிக்கும் இன்னொரு முறையையும் வைத்துப் பார்த்தது. ஆட்டிசம் சார்ந்த சமூக ஊடாட்டச் சிரமங்களைக் குறைத்ததில் லெகோ முன்னே நின்றது. இந்த அனுபவங்களையெல்லாம் தொகுத்து 2014-இல் ஒரு கையேடும் வந்தது.

இவையெல்லாம் சிறிய ஆய்வுகள், பெரும்பாலும் சரளமாகப் பேசும் பிள்ளைகளைப் பற்றியவை. பிறகு பிரிட்டனில் 250 பிள்ளைகளை வைத்து, அவர்களின் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தபோது, பலன் இருந்தது, ஆனால் சிறிதாகத்தான் இருந்தது. செலவும் குறைவு என்பதால் செய்யத் தகுந்தது என்றார்கள். ஆகவே இதை அதிசய மருந்தாக விற்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. லெகோ பிடிக்காத பிள்ளையை லெகோ கிளப்பில் தள்ளுவது, காத்திருப்பு அறையில் நடந்ததற்கு நேர் எதிரான காரியம்.

ஹொனலூலுவில் நடந்ததன் முழு அர்த்தம் விளங்கவும் பல ஆண்டுகள் ஆயின. 2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமே ஆட்டிச நிலையில் இருப்பவர், ஒரு வாதத்தை வைத்தார். ஆட்டிச நிலையினர் மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள் என்றால், மற்றவர்களும் அவர்களைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள். குறை இரு பக்கமும் இருக்கிறது, பழியை மட்டும் ஒரு பக்கம் சுமத்துகிறோம். 2020-இல் கேதரின் கிராம்ப்டன் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல என்று சங்கிலிகள் அமைத்தார்கள். ஆட்டிச நிலையினர் மட்டும் இருந்த சங்கிலியில் செய்தி மற்றவர்கள் மட்டும் இருந்த சங்கிலிக்குச் சமமாகவே நிலைத்தது. இருசாராரும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் சிதைந்தது.

அப்படிப் பார்த்தால் அந்த இரண்டு சிறுவர்களிடமும் பழகும் திறன் முன்பே இருந்தது. பழக ஆளும், பேச விஷயமும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். லெகாஃப் புதிதாக எதையும் அவர்களுக்குள் ஊற்றவில்லை. இருவருக்கும் நடுவே, இருவரும் விரும்பும் ஒரு பொருளை வைத்து, சேர்ந்தால்தான் முடியும் என்ற ஏற்பாட்டைச் செய்தார். பிள்ளையை உருமாற்றி மற்றவர் மாதிரி நடிக்கவைக்கும் பயிற்சிக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். கண்ணைப் பார் என்று லெகோ கிளப் யாரையும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. கட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாலும் பேச்சு பேச்சுதான்.

லெகோ பெட்டி விலை அதிகம். ஆனால் இந்த ஏற்பாட்டை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டைகளிலும் செய்யலாம். ரயில் பைத்தியமான பிள்ளைக்குத் தண்டவாளம், சமையல் பிடித்த பிள்ளைக்கு ஒருவர் செய்முறை சொல்ல, ஒருவர் சாமான் எடுத்துத்தர, ஒருவர் கலக்கும் எலுமிச்சைச் சாறு. பிள்ளையின் ஆசை எதுவோ அதில் தொடங்க வேண்டும், வேலையை மூன்றாகப் பிரிக்க வேண்டும், முறை மாற வேண்டும், பெரியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சமூகத் திறன் வகுப்பு என்று பலகை வைத்த எந்த இடத்துக்கும் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்கலாம். இங்கே என் பிள்ளைக்குப் பிடித்தது எது? அவனைப் போன்ற இன்னொரு பிள்ளை இருக்கிறதா? கற்றது வெளியே தெரிகிறதா என்று எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? இரண்டு மாதம் கழித்து நான்காவது கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கலாம்: நாளைக்கும் போகணுமா? அதற்கு அவன் என்ன சொல்கிறானோ அதை வைத்து அடுத்த மாதப் பணத்தைக் கட்டுங்கள்.