ஹெய்மேயின் ஆறு கிலோமீட்டர்

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் வெஸ்ட்மன் தீவுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் ஆள் குடியிருப்பது ஹெய்மே என்ற ஒரே தீவில்தான். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் மீன்பிடி ஊர். ஆண்டுதோறும் மார்ச் மாதம் அந்த ஊர் நீச்சல் குளத்தில் சிலர் இறங்கி ஆறு கிலோமீட்டர் நீந்துகிறார்கள். 25 மீட்டர் குளம் என்பதால், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக 240 தடவை. கூரைக்கு அடியில், வெதுவெதுப்பான தண்ணீரில். வேடிக்கை பார்க்க வருபவருக்கு இதைவிட அலுப்பான காட்சி கிடைக்காது. இதற்கு ‘குத்லோய்க்ஸ்சுந்த்’ என்று பெயர், குத்லோய்குரின் நீச்சல்.

இது பிறந்த கதை 1984 மார்ச் 11 இரவில் தொடங்குகிறது.

குளிர்காலம் என்றால் ஹெய்மேயில் யாரும் முடங்கிக் கிடப்பதில்லை. அதுதான் சம்பாதிக்கும் காலம். ஜனவரி தொடங்கி மே வரை காட் மீன் முட்டையிடத் தென்கரையை நாடி வரும். பகல் குறுகியிருக்கும், காற்று ஆளைத் தள்ளும், அலை வீடு உயரம் எழும். ஆனாலும் படகு போக வேண்டும். ஆண்டு முழுக்கச் சாப்பிடுவதை இந்தச் சில மாதங்களில்தான் பிடித்தாக வேண்டும். ஆகவே அந்த ஊரில் துக்கமும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் வரும்.

ஹெல்லிசே என்ற படகில் அன்று ஐந்து பேர். தீவுக்குக் கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் இழுவலை கடலடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. மாட்டிய வலையை விஞ்சு போட்டு இழுக்கும்போது படகு ஒரு பக்கம் சாயும்; அந்த நேரம் பார்த்து அலை அடித்தால் நிமிர வாய்ப்பில்லை. படகு கவிழ்ந்தது. மூன்று பேர்தான் கவிழ்ந்த படகின் அடிப்பகுதியில் ஏறிக்கொள்ள முடிந்தது. உயிர்காக்கும் மிதவைப் படகு கைக்கு எட்டாமல் தண்ணீருக்குள் போய்விட்டது. முக்கால் மணி நேரத்தில் ஹெல்லிசேயும் மூழ்கத் தொடங்க, மூவரும் கரையைப் பார்த்து நீந்தினார்கள். சிறிது நேரத்தில் இருவர் ஆனார்கள். பிறகு 22 வயது குத்லோய்குர் ஃப்ரித்தோர்சோன் மட்டும்.

கடல் நீர் 5, 6 டிகிரி. காற்று உறைநிலைக்குக் கீழே. உடம்பில் சட்டை, கம்பளி மேல்சட்டை, ஜீன்ஸ். அப்படிப்பட்ட நீரில் விழுந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. இழுத்து இழுத்து வாங்கும். அதைத் தாண்டினால் பத்து, இருபது நிமிடத்தில் கை கால் மரத்து நீந்தும் வலு போய்விடும். உடல் சூடு இறங்கிச் சாவது அதற்கும் பிறகுதான். பலர் அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை. அதற்கு முன்பே மூழ்கிவிடுகிறார்கள்.

குத்லோய்குர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். கலங்கரை விளக்கின் ஒளியைக் குறி வைத்துக்கொண்டு, மல்லாந்தும் குப்புறவும் மாறி மாறி. மனம் தடுமாறாமல் இருக்க, மேலே வட்டமிட்ட கடற்பறவைகளோடு பேசிக்கொண்டே போனார். வழியில் ஒரு படகு கிட்டத்தில் கடந்தது. கூவிப் பார்த்தார், யார் காதிலும் விழவில்லை. கரை வந்தபோது எதிரே செங்குத்துப் பாறை. ஏற வழியில்லை. தரையைத் தொட்டவர் திரும்பவும் கடலில் இறங்கி, வேறோர் இடம் தேடி நீந்தினார். எனக்கு இந்தக் கதையில் நம்பக் கடினமாக இருப்பது இந்த ஒரு கட்டம்தான். ஐந்து மணி நேரம் நீந்தியதை உடம்பின் கணக்கில் எழுதிவிடலாம். கரையை விட்டு மறுபடியும் கடலுக்குள் போன முடிவை எந்தக் கணக்கில் எழுதுவது?

கரையேறிய இடத்திலிருந்து ஊருக்கு நடக்க வேண்டியது உறைந்த எரிமலைக் குழம்பின் மேல். அந்தப் பாறை உடைந்த கண்ணாடி போலக் கிழிக்கும். காலில் ஒன்றுமில்லை. வழியில் ஆடுகள் தண்ணீர் குடிக்க யாரோ ஒரு பழைய குளியல் தொட்டியைப் போட்டிருந்தார்கள். மேலே பனிக்கட்டி மூடியிருந்தது. முஷ்டியால் குத்தி உடைத்துக் குடித்தார். விடியும் நேரத்தில் விளக்கு எரிந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். மருத்துவமனையில் அவர் உடல் சூடு, சாதாரண வெப்பமானி காட்டும் மிகக் குறைந்த அளவான 34 டிகிரிக்கும் கீழே இருந்தது.

அதற்குப் பின் உலகம் அவரைப் பிடித்துக்கொண்டது. குளிர்நீரில் மனித உடல் என்னவாகிறது என்று ஆராய்ந்துவந்த லண்டன் உடலியலாளர் வில்லியம் கீட்டிங்கும், ஐஸ்லாந்து ஆய்வாளர் யோஹான் அக்செல்சோனும் அவரைச் சோதித்தார்கள். ஆள் ஆறடிக்கு மேல், எடை 125 கிலோ. தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு 14 மில்லிமீட்டர், சாதாரண மனிதருக்கு இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. பத்திரிகைகளுக்கு ‘மனித சீல்’ என்ற பட்டம் போதுமானதாக இருந்தது. இந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் போய் ஒருவர் திரும்பிய இரவை ஓர் ஆளின் கொழுப்பாகச் சுருக்கிவிட்டது அது. குத்லோய்குரும் புகழ் வெளிச்சத்தை விரும்பியவர் அல்லர்.

ஊர் செய்தது வேறு. நினைவுக்கு நீச்சல் என்று முடிவாயிற்று. கடலில் அல்ல, குளத்தில். வீரத்தைக் கொண்டாடும் எண்ணம் இருந்திருந்தால் மார்ச் மாதக் கடலில் ஒரு முழுக்குப் போட்டுப் படம் எடுத்திருக்கலாம். குளிர்நீரில் குதிப்பது இன்று வட ஐரோப்பா முழுக்கப் பொழுதுபோக்கு. ஆனால் கடலில் ஆள் இழந்த ஊருக்கு அதில் என்ன வேடிக்கை? அவர் கடந்த தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆபத்தைக் கரையில் விட்டுவிட்டார்கள்.

குளம் அந்த ஊருக்குச் சும்மா வந்ததுமல்ல. மீனவர்கள் கரைக்கு எட்டிய தூரத்தில் நீந்தத் தெரியாமல் சாவதைக் கண்டு சலித்த நாடு ஐஸ்லாந்து. 1940இல் பள்ளிகளில் நீச்சலைக் கட்டாயமாக்கியது. ஹெய்மேயிலும் குளம் இருந்தது. 1973 ஜனவரி 23 நள்ளிரவு கடந்து ஊர் ஓரத்திலேயே நிலம் பிளந்து எரிமலை வெடித்தது. முந்தைய நாள் புயலால் படகுகள் துறைமுகத்திலேயே நின்றிருந்தன. அவற்றில் ஏறி ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த இரவே தப்பினார்கள். வீடுகளோடு பழைய குளமும் குழம்புக்கு அடியில் போனது. திரும்பி வந்தவர்கள் சில ஆண்டுகளிலேயே புதுக் குளம் கட்டிவிட்டார்கள். ஆறாத குழம்பின் சூட்டையே குழாய் வழியே எடுத்து வீடுகளைச் சூடாக்கிக்கொண்டார்கள். குத்லோய்குர் கதவைத் தட்டிய 1984இலும் அந்த ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

இந்த நினைவு நீச்சலைப் பயிற்சி என்று நினைத்தால் தவறு. போன நால்வரும் நீச்சல் கட்டாயமான நாட்டில் வளர்ந்தவர்கள்தான். நீச்சல் அவர்களைக் காப்பாற்றவில்லை. அதனால்தான் இது அவர்களுக்கான நீச்சலும் ஆகிறது. பெயரில் இருப்பது பிழைத்தவர். நினைவில் இருப்பவர்கள் மற்றவர்கள்.

பின்னாளில் பல்தசார் கோர்மாகுர் இதைப் படமாக எடுத்தார். 2012இல் வந்த ‘த்யூபித்’. ஆட்டுத் தொட்டியின் நினைவாக ஒரு தொட்டியும் தீவில் வைத்திருக்கிறார்கள், சுற்றுலாக்காரர்கள் தேடிப் போகிறார்கள்.

அன்று அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருளும் அதே தீவில்தான் பிறந்தது. மோர்குன்பிளாதித் நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டே கருவிகளும் கண்டுபிடித்த சிக்முந்த் யோஹான்சோன் என்ற ஹெய்மேக்காரர், மிதவைப் படகைத் தானே வெளியே தள்ளும் கருவியொன்றை 1980களின் தொடக்கத்திலேயே செய்திருந்தார். கைப்பிடியை இழுத்தால் போதும். கட்டை அவிழ்த்து, தூக்கி, கடலில் போடும் வேலை மிச்சம். கவிழும் படகில் அந்த வேலைக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதை மீனவர்களோடு பேசிப் பழகியவர் அறிந்திருந்தார். மரணச் செய்திகள் வந்த அதே நாளிதழில்தான் அவருடைய கேலிச்சித்திரங்களும் வந்துகொண்டிருந்தன.