பல்பொருள் வினைச்சொல் மொழிபெயர்ப்பு

ஒரு மொழியிலே பல பொருள் குறித்து வழங்கும் ஒரே வினைச்சொல்லை, அது வரும் இடமும் சார்பும் நோக்கி, பிறிதொரு மொழியில் வெவ்வேறு வினைகளாற் பெயர்த்துரைத்தல் பல்பொருள் வினைச்சொல் மொழிபெயர்ப்பு எனப்படும். பலபொருள் குறித்த ஒருசொல்லின் பொருள், உடன்வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுறும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்த விதி, இம்முயற்சிக்கும் பிரமாணமாய் அமைகின்றது.

ஆங்கிலத்தின் ‘பிளே’ என்னும் வினை இதற்குச் சிறந்த உதாரணம். இத்தாலியத்தில் அது விளையாட்டைக் குறிப்பின் ‘ஜோக்காரே’ என்றும், வாத்தியத்தைக் குறிப்பின் ‘சுவோனாரே’ என்றும், நாடகத்தைக் குறிப்பின் ‘ரெச்சிதாரே’ என்றும் பிரிகின்றது. வாத்தியத்தின் பெயர் வினைக்கு நேரே செயப்படுபொருளாக, விளையாட்டின் பெயரோ ‘ஆ’ என்னும் இடைச்சொல்லை முன்கொண்டு வருதலால், சொல்லோடு தொடரமைப்பும் மாறுகின்றது. மணியடித்தலையும் ‘சுவோனாரே’ உணர்த்துமாதலின், இரு மொழிச் சொற்களின் எல்லைகள் முற்றும் ஒத்தன அல்ல.

தமிழின் பகுப்பு இன்னும் நுட்பமானது. சான்றாக, இலங்கையின் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில், கண்ணகி வழிபாட்டோடு இயைந்த கொம்பு விளையாட்டிலே வடசேரியாரும் தென்சேரியாரும் கொம்பு முறிப்பர். வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளை ஆடுவர். அக்கூத்துக்கு, அதனைப் பயிற்றும் ஆசானாகிய அண்ணாவியார் மத்தளம் அடிப்பார். குழலை ஊதுதலும் யாழை மீட்டுதலும் வெவ்வேறு வினைகளாம். இத்தாலியர் நாடகத்துக்கு வழங்கும் வினை ஓதுதற்பொருளும் உடையது. கூத்துக்குத் தமிழர் வழங்கும் வினையோ ஆடற்பொருள் உடையது. ஆதலின் நாடகத்தை உரையின்வழி நோக்கும் மரபும் ஆட்டத்தின்வழி நோக்கும் மரபும் வினைகளிலேயே புலனாகின்றன.

இத்துறையில் நினைத்தற்குரிய பேரறிஞர், காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள். சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து, அவற்றின் பகுதிகளைத் தமிழ்ச் செய்யுளாக்கி, ‘மதங்க சூளாமணி’யை 1926இல் வெளியிட்ட அடிகள், பண்டைய இசைக்கருவிகளை ஆராய்ந்த ‘யாழ்நூல்’ என்னும் பெருநூலையும் 1947இல் தமிழுக்கு அளித்தார். அறிவியற் கலைச்சொல்லாக்கத்திலும் தலைமை ஏற்று உழைத்த அவர், ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு தேடுவோர் அச்சொல் குறித்த கலையையும் கற்றறிதல் வேண்டும் என்பதற்குச் சான்றாக விளங்குகின்றார்.

ஆகவே, அகராதியின் முதற்பொருளை எடுத்தாளும் மொழிபெயர்ப்பாளன் வழுவுதல் எளிது. செய்பவன் யார், செயப்படுவது யாது, கருவி எது, செயல் நிகழும் களம் எது என்னும் நான்கையும் வினாவித் தெளிந்தபின்னரே வினையைத் தெரிதல் முறையாகும்.