பல் பிரஷை எப்போது மாற்றுவது?

மேரு வட்டாரத்துத் தாமான் வீடுகள் பலவற்றில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். குளியலறைப் பீலிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் குவளை இருக்கும். அதில் வீட்டார் அனைவரின் பிரஷ்களும் தலையோடு தலை முட்டி நிற்கும். அப்பாவின் பிரஷில் இழைகள் இரு பக்கமும் சாய்ந்து படுத்திருக்கும். பற்பசை தீர்ந்தால் அன்றே கடைக்கு ஓடுவார்கள். பிரஷ் தேய்ந்தது மட்டும் யார் கண்ணிலும் படாது.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த முந்திய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. வேப்பங்குச்சியை ஒடித்து, மென்று, பல் தேய்த்து, பிளந்து நாக்கையும் வழித்துவிட்டுத் தூக்கி எறிவார்கள். மறுநாள் புதுக்குச்சி. நைலான் இழை வைத்த பிரஷ் 1938இல்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றி மயிர் வைத்த பிரஷ்கள்தான் இருந்தன. நைலான் எளிதில் அழுகாது, கண்ணுக்குத் தெரியும்படி உதிரவும் செய்யாது. அதனாலேயே அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கத் தோன்றுகிறது.

மூன்று முதல் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிரஷை மாற்ற வேண்டும் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. இழைகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். மின்சார பிரஷின் தலைப்பகுதிக்கும் இதே கணக்குதான். ஒரே மாதத்தில் இழைகள் படுத்துவிட்டால் பிரஷைக் குறை சொல்ல வேண்டாம், கைதான் அழுத்தித் தேய்க்கிறது.

வளைந்த இழை பல்லின் முகப்பைத் தேய்க்குமே தவிர, பல்லும் ஈறும் சேரும் விளிம்பைச் சரியாகத் தொடாது. அழுக்குப் படலம் தங்குவது அங்கேதான். ஈறு வீங்கி இரத்தம் கசியத் தொடங்குவதும் அங்கிருந்துதான். நம் சமூகத்தினர் இதைக் கூடுதல் அக்கறையோடு பார்க்கக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவு ஈறு நோயை மோசமாக்கும், ஈறு நோய் சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்த விடாது. ஆகவே ஈற்றில் இரத்தம் வந்தால் பல் துலக்குவதை நிறுத்திவிடக் கூடாது. மென்மையான இழை பிரஷுக்கு மாறி, பல் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

பராமரிப்பில் முக்கியமானது பிரஷ் காய்வது. நம் ஊர்ப் புழுக்கத்தில், சன்னல் இல்லாத அடுக்குமாடிக் குளியலறையில், காலையில் நனைந்த பிரஷ் மாலைவரை ஈரமாகவே இருக்கும். துலக்கி முடித்ததும் ஓடும் நீரில் அலசி, உதறி, தலை மேலாக நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி வேண்டும். தலைக்கு மூடி போடுவதும் டப்பாவில் அடைத்து வைப்பதும் பயணத்துக்கு மட்டும் போதும். கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக உள்ள வீட்டில் பிரஷைத் தள்ளி வைத்து, மூடியை இறக்கிய பிறகே நீர் ஊற்றுவது நல்லது.

தண்ணீர்த் தடையைச் சொல்லாமல் விட முடியாது. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்று நீர் மாசடைந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளான் வட்டாரமும் வாளித் தண்ணீரில்தான் நாட்களை ஓட்டியது. அதுபோன்ற நேரத்தில் சேமித்த வாளிக்குள் பிரஷை முக்கி அலசாமல், ஒரு குவளையில் மொண்டு பிரஷின் மேல் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அண்ணன் பிரஷைத் தம்பி எடுப்பதும், கணவன் மனைவி மாற்றிப் பயன்படுத்துவதும் சில வீடுகளில் சிரித்துவிட்டுப் போகும் விஷயம். ஈற்றில் புண் இருந்தால் எச்சிலோடு இரத்தமும் பிரஷில் ஒட்டும், கிருமியும் கைமாறும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்துவிட்டால் சண்டையும் குறையும்.

பிரஷைக் கொதிநீரில் போடுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் தேவையற்ற வேலை, இழைதான் கெடும். நல்ல மென்மையான பிரஷே ஐந்து வெள்ளிக்குள் கிடைக்கிறது.

மாற்றும் நாளை மறப்பவர்களுக்குத் தமிழ் நாட்காட்டியே கைகொடுக்கும். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என மாதப் பிறப்புகள் சரியாக மூன்று மாத இடைவெளியில் வருகின்றன. பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் எப்படியும் கடைக்குப் போவோம், தீபாவளியும் ஐப்பசியை ஒட்டியே வரும். ஆடிக்கு மட்டும் சுவர்க் காலண்டரில் ஒரு வட்டம் போட வேண்டியிருக்கும்.

கழித்த பிரஷ் குத்துவிளக்கு துலக்கவும் தரைக்கல் இடுக்கைத் தேய்க்கவும் உதவும். ஆனால் அது மறுபடி குவளைக்குள் வந்துவிடாமல் இருக்க, பிடியின் நுனியை அன்றே வெட்டிவிட வேண்டும்.