மழைநாள் எப்போது தொடங்குகிறது?

பூவிருந்தவல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதிக்குரிய வானிலைத் துறைப் பட்டியலில் செம்பரம்பாக்கத்துக்கு நேராக 47 செ.மீ. என்றும், தாம்பரத்துக்கு நேராக 49 செ.மீ. என்றும் மழையளவு குறிக்கப்பட்டுள்ளது. அந்தப் பட்டியலைக் கண்ட அரபுக் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பெருமழை கொட்டியது டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. பட்டியலோ 2ஆம் தேதி என்கிறது. மஃரிபுக்குப் பின் வரும் இரவை நாம் மறுநாளோடு சேர்ப்பதைப் போல, இவர்களும் சேர்த்துவிட்டார்களா?"

அப்படியன்று. ஆயினும் அவ்வினா மிகப் பழையதொரு அறிவுத்துறைச் சிக்கலைத் தொட்டுவிட்டது. நாள் என்பது எங்கே தொடங்குகிறது? அளவையாளர் எந்த நேரத்தில் அளக்க வேண்டும்? அளந்ததை எந்தத் தேதியில் எழுத வேண்டும்?

வியாழன் மாலை கதிரவன் மறைந்ததும் 'வெள்ளி இரவு' என்று சொல்வது நம் வீடுகளின் வழக்கு. இதனை ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் அபூரைஹான் அல்பீரூனி (ஹி. 362 – 440). 'அல்ஆஸாருல் பாக்கியா' என்னும் காலக்கணித நூலின் தொடக்கத்திலேயே அவர் இதை எடுத்துக்கொள்கிறார். அரபியரின் மாதங்கள் பிறை காண்பதைச் சார்ந்தவை; பிறை தோன்றுவது அந்தியில்; ஆகவே அவர்களின் நாள் அந்தியில் தொடங்குகிறது. பாரசீகரும் ரோமரும் கதிரவன் உதயத்தில் தொடங்கினர். வானியலாளர்களோ பெரும்பாலும் நண்பகலையும், சிலர் நள்ளிரவையும் தேர்ந்தனர். உதயமும் மறைவும் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறுவதால், கதிரவன் உச்சியைக் கடக்கும் நேரமே கணக்கிற்கு எளிது என்பது அவர்களின் வாதம். வணக்க வழிபாட்டுக்கு ஒரு தொடக்கம், அளவைக்கு வேறொரு தொடக்கம் என்று இருப்பதில் முரண் ஏதுமில்லை என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர்கள் உணர்ந்திருந்தனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. மைக்கேல் டாப்பிங் அதனைத் திட்டமிட்டார். கருவியைத் தாங்க அங்கு நாட்டப்பட்ட கருங்கல் தூணில், எதிர்காலத்தார் படிக்க வேண்டுமென்று, பல மொழிகளில் செய்தி பொறிக்கப்பட்டது; தமிழும் அவற்றுள் ஒன்று. 1796 முதல் அங்கு வானிலை அளவைகளும் தொடர்ச்சியாகக் குறிக்கப்பட்டன. 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முந்திய 'மதராஸ் நேரத்தை' நிறுவினார். பிற்காலத்தில் நாட்டின் இருப்புப் பாதைகள் பலவும் இந்நேரத்தைப் பின்பற்றின. 1906 சனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னையின் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே நகர்ந்தன. பழைய ஏடுகளைப் படிப்போர் இந்த 9 நிமிடத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அளக்கும் நேரத்தைத் தேர்வதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நியாயம் உண்டு. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை 10 மணியளவில் உச்சம், மாலை 4 மணியளவில் தாழ்வு, இரவிலும் அவ்வாறே. எனவே அழுத்தமானியைக் காலை 9 மணிக்குப் பார்த்தவரும் பிற்பகல் 3 மணிக்குப் பார்த்தவரும் தம் எண்களை அப்படியே ஒப்பிடுதல் தகாது. 1780இல் ஜெர்மனியின் மன்ஹைமில் தோன்றிய வானிலைக் கழகம் காலை 7, பிற்பகல் 2, இரவு 9 என்று மூன்று நேரங்களை வகுத்துத் தன் நிலையங்கள் அனைத்துக்கும் விதித்தது. எந்த நேரம் என்பதைக் காட்டிலும், எல்லோரும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்பது முதன்மையானது என்ற உணர்வு அதில் வெளிப்படுகிறது.

நேரத்தை மாற்றினால் நேரும் பிழைக்கு அமெரிக்கா ஒரு சான்று. அங்குத் தன்னார்வ அளவையாளர் பலர் மாலையில் பெரும வெப்பமானியைப் பார்த்துக் குறித்து, உடனே அதனை மீளமைப்பர். கடும் வெயில் நாளின் மாலை 5 மணிக்கும் வெப்பம் மிகுந்தே இருக்கும். மீளமைத்த கருவி அந்த வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் குளிர்ந்திருந்தாலும், முந்தைய மாலையின் வெப்பமே அந்நாளின் உச்சமாகப் பதிவாகும். ஒரே வெயில் இருமுறை எண்ணப்படும். இருபதாம் நூற்றாண்டில் அவர்களுள் பலர் காலை நேரத்துக்கு மாறியபோது, உண்மையில் இல்லாததொரு குளிர்ச்சி ஏடுகளில் தோன்றிற்று. 1986இல் தாமஸ் கார்ல் என்பவரும் உடனாய்வாளரும் இதற்குத் திருத்தக் கணக்கை வகுத்தளித்தனர். மானுடரின் ஒரு சிறு வழக்கம் ஒரு நாட்டின் பருவநிலை வரலாற்றையே சாய்த்துவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மழைக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் மழைமானிகள் காலை 8 மணிக்கு அளக்கப்பட்டன. இன்று இந்திய வானிலைத் துறை காலை 8.30 மணியைக் கொண்டுள்ளது. இது உலகப் பொது நேரப்படி 3 மணி. உலகெங்கும் வானிலை நிலையங்கள் ஒருசேர அளக்கும் நேரங்களுள் ஒன்று. சென்னையின் மேற்குப் புறநகருக்கு இந்நேரம் வேறொரு வகையிலும் பொருந்துகிறது. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளில் கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் இடிமழை பெரும்பாலும் மாலையில் தொடங்கி இரவில் நீளும். வடகிழக்குப் பருவத்தில் கரையோர மழை பின்னிரவிலும் விடியலிலும் வலுக்கும். நள்ளிரவில் நாளைப் பிரித்தால் ஒரே மழை இரு தேதிகளில் துண்டாகும். 8.30 மணிக்குப் பிரித்தால் ஓர் இரவின் மழை பெரும்பாலும் முழுமையாக ஒரே எண்ணில் அடங்கும். பகல் வெளிச்சத்தில் அளவுக் குடுவையை நேராகப் பார்த்துப் படிக்கவும் இயலும்.

எஞ்சியிருப்பது தேதி. இங்கிலாந்தில் காலை 9 மணிக்கு அளந்த மழையை முந்தைய நாளின் கணக்கில் எழுதுவர். இந்தியாவிலோ அளந்த நாளின் தேதியிலேயே எழுதுவர். இரண்டுமே முறையானவை, ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிப் படிப்பவர் ஒரு முழு நாள் பிழைபடுவார்.

மாணவரின் ஐயத்திற்கு விடை இதுவே. டிசம்பர் 2ஆம் தேதியின் 47 செ.மீ. என்பது 1ஆம் தேதி காலை 8.30 முதல் 2ஆம் தேதி காலை 8.30 வரை பெய்த மழை. டிசம்பர் 1 என்று தலைப்பிட்ட பட்டியலில் இப்பெருமழையின் ஒரு துளியும் இல்லை. அப்பட்டியல் அன்று காலையிலேயே முடிந்துவிட்டது.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் படிப்படியாக உயர்த்தப்பட்டு, விநாடிக்கு 29,000 கன அடியை எட்டிற்று. அடையாற்றின் கரையில் உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. அந்த வெளியேற்றம் பற்றிய விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் அதனைக் குறை கண்டது. அவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் தேதிகளை மட்டும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். நீர் திறந்தது 1ஆம் தேதி. மழை 2ஆம் தேதி. மழைக்கு முன்பே நீரைத் திறந்துவிட்டதாக ஒருவர் முடிவு கட்டலாம். 2ஆம் தேதி முழுவதும் 47 செ.மீ. மழை பெய்தது என்று மற்றொருவர் எழுதலாம். இரண்டும் தவறு. சாட்சியம் கூறுவோருக்கு நீதி உணர்வு மட்டும் போதாது. சாட்சியத்தின் நேரமும் துலங்க வேண்டும்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் யார், எவரிடமிருந்து எப்போது கேட்டார் என்று ஆராய்ந்த பின்னரே செய்தியை ஏற்கப் பயின்றவர்கள் நாம். அதே கவனத்தை மழைக்கணக்கிலும் செலுத்துதல் நமக்கு அரிதன்று. ஓர் அளவையைக் கண்டால், எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த நாளின் பெயரில் எழுதியது என்னும் இரு கேள்விகளைக் கேட்டபின் மேலே செல்வோம். கல்லூரி வளாகத்தில் மழைமானி வைக்க விரும்பும் மாணவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: விடுமுறை நாளிலும் காலை 8.30 மணியைத் தவறவிடாதீர்கள். ஏட்டின் முதல் பக்கத்தில், எண்களுக்கு முன்பாக, அந்த நேரத்தையும் தேதி எழுதும் முறையையும் குறித்து வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதைக் கொண்டே உங்கள் எண்களை நம்புவார்.