குடும்ப வரலாற்று ஆவணங்களின் நம்பகத்தன்மை

பதிவேடு, சான்றிதழ், உயில், கல்லறை வாசகம், ஜாதகம் ஆகியவற்றில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று குடும்ப வரலாற்றை ஆராய்வோர் முடிவுசெய்யும் முறையே ஆவண மதிப்பீடு. ஓர் ஆவணத்தை முழுதாக நம்புவதும் முழுதாகத் தள்ளுவதும் இம்முறைக்கு ஒவ்வாதவை. இறப்புச் சான்றிதழ் ஒன்றில் இறந்த நாள் இருக்கும். அதைப் பக்கத்தில் இருந்தவர் அன்றோ மறுநாளோ சொல்லியிருப்பார். அதே தாளில் இறந்தவரின் பிறந்த ஊரும் தாயின் பெயரும் இருக்கலாம். அவற்றைச் சொன்னவரும் அவரே, ஆனால் அந்தப் பிறப்பை அவர் கண்டதில்லை. வீட்டில் பேசிக் கேட்டதைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே தரம் பார்க்க வேண்டியது தாளை அல்ல, தாளில் உள்ள ஒவ்வொரு செய்தியையும். இந்தத் தெளிவு வர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தொடக்கம்

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் பதிந்துவைக்க வேண்டும் என்று 1538 செப்டம்பரில் ஆணையிட்டார். தொடக்க காலப் பதிவுகள் பலவும் சாதாரணத் தாளில் இருந்தன. அவற்றைப் பதப்படுத்திய தோலில் படியெடுக்கும்படி 1598இல் உத்தரவு வந்தது. முதலிலிருந்தே எழுத வேண்டும், குறிப்பாக எலிசபெத் அரசி பட்டமேறிய ஆண்டு முதல் எழுத வேண்டும் என்று அதன் வாசகம் இருந்ததால், குருமார் பலர் 1558இலிருந்து மட்டும் எழுதி, முந்தைய இருபது ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். 1558இல் தொடங்கும் ஒரு பதிவேட்டின் முதல் நாற்பது ஆண்டுப் பக்கங்கள் ஒரே கையெழுத்தில், ஒரே நிற மையில் இருந்தால் அது மூலம் அல்ல, படி. பெயரைத் தவறாக வாசித்ததும் வரியைத் தாண்டிப் போனதும் அதற்குள் இருக்கக்கூடும்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. 1640 ஏப்ரலில் ஒரு தம்பதிக்குத் திருமணம், 1640 பிப்ரவரியில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பதிவேடு சொன்னால், நம் கணக்கில் அது 1641 பிப்ரவரி. திருமணமாகிப் பத்து மாதம் கழித்துப் பிறந்த பிள்ளையைத் திருமணத்துக்கு முன்பே பிறந்ததாக எழுதி, ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுத்துவிட முடியும். பதிவேடு சொன்னது உண்மைதான், பிழை வாசிப்பவருடையது.

இதே காலத்தில், 1530 முதல் 1680கள் வரை, அரசின் குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று மேட்டுக்குடியினரின் வம்சாவளிகளைப் பதிந்தார்கள். குலச்சின்னம் பொறித்துக்கொள்ளும் உரிமை அந்த வம்சாவளியைச் சார்ந்திருந்தது. விவரம் தந்ததோ அந்த வீட்டாரே. பாட்டனார் வரை பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு சான்று தேட வேண்டும்.

பழைய ஏட்டைச் சோதிக்க ஓர் இலக்கணம் வகுத்தவர் பிரெஞ்சுத் துறவி ழான் மாபியோன். 1681இல் வெளிவந்த அவரது நூல், எழுத்தின் வடிவம், முத்திரை, வாசகத் தொடர், தேதியிடும் முறை ஆகியவற்றைக் கொண்டு போலிப் பட்டயத்தை இனம்காணக் கற்றுத்தந்தது. மடங்களின் நில உரிமையை ஒட்டி எழுந்த இந்த அறிவு, குடும்ப வரலாற்றுக்கு வந்துசேர இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பொய்யான வம்சாவளிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் செல்வம் சேர்த்த குடும்பங்கள் தங்கள் வேரை இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்களில் தேடின. 1845இல் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் தோன்றியது. நேர்மையான உழைப்பு பெருகியதைப் போலவே புரட்டும் பெருகியது. ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் தொழில் நடத்திய குஸ்தாவ் ஆன்ஜூ (1863–1942) பல குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளிகளை எழுதி விற்றார். அவர் கையாண்ட உத்தியை 1991இல் வம்சாவளி ஆய்வாளர் ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் விளக்கினார். உண்மையான உயில்களையும் பதிவுகளையும் ஆன்ஜூ ஏராளமாக எடுத்துக்காட்டுவார். கடல் கடந்து வந்தவரை இங்கிலாந்துக் குடும்பத்தோடு இணைக்கும் அந்த ஓர் இடத்தில் மட்டும், எங்கும் இல்லாத ஆவணத்தை நுழைத்துவிடுவார். நூறு உண்மைக்கு நடுவே ஒரு பொய் என்பதால் சந்தேகம் எழவில்லை. அவரது வம்சாவளிகளை உண்மையென நம்பி நகலெடுத்தவர்கள் பலர்.

இங்கிலாந்தில் ஜே. ஹொரேஸ் ரவுண்டும், அமெரிக்காவில் டொனால்ட் லைன்ஸ் ஜக்கோபஸும் (1887–1970) ஆய்வாளர்களாக இந்தப் புரட்டுக்கு எதிராக நின்றார்கள். ஜக்கோபஸ் 1922இல் நியூ ஹேவனில் தொடங்கிய இதழ் பின்னர் ‘தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்’ ஆயிற்று. ஒவ்வொரு தலைமுறை இணைப்புக்கும் தனித்தனியாகச் சான்று காட்ட வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இத்துறையில் மிகப் பெரிய தொண்டு அவருடையதே என்று சொல்லலாம்.

பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் வழிதவறுவதும் உண்டு. அலெக்ஸ் ஹேலி தம் முன்னோரைப் பற்றி எழுதிய ‘ரூட்ஸ்’ (1976), 1767இல் லார்ட் லிகோனியர் என்ற கப்பலில் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட குந்தா கிந்தே என்பவரே, வர்ஜீனியாவின் வாலர் குடும்பத்து ஆவணங்களில் வரும் டோபி என்றது. கேரி மில்ஸும் எலிசபெத் ஷோன் மில்ஸும் மூல ஆவணங்களைத் தேடி 1981இல் எழுதிய கட்டுரை, அந்த டோபி கப்பல் வருவதற்கு முன்பே வர்ஜீனியாவில் இருந்ததைக் காட்டியது. கப்பல் பதிவும் உண்மை, வாலர் ஆவணமும் உண்மை. இரண்டையும் ஒரே மனிதரோடு முடிச்சிட்டதுதான் நிற்கவில்லை. அடிமைத்தனத்தில் பெயரிழந்த ஒரு மக்களுக்கு அந்நூல் திருப்பித் தந்த தன்மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் வம்சாவளி என்ற அளவில் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

வரையறுத்த முறை

அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் 1964இல் அமைந்தது. எந்தப் பக்கச் சான்று கனமோ அதை ஏற்பது என்ற நீதிமன்ற அளவுகோலை அது 1997இல் கைவிட்டு, 2000ஆம் ஆண்டுக் கையேட்டில் தனக்கென ஒரு நிரூபண நெறியை வெளியிட்டது. இயன்றவரை முழுமையாகத் தேடுதல், ஒவ்வொன்றுக்கும் மூலம் காட்டுதல், சான்றுகளை ஒப்பிடுதல், முரண்களைத் தீர்த்தல், முடிவைக் காரணத்தோடு எழுதிவைத்தல் என்பன அதன் கூறுகள். முரணைத் தீர்க்காமல் மூடிவைத்த முடிவு இந்நெறிப்படி முடிவே அல்ல. எலிசபெத் ஷோன் மில்ஸ் தமது நூல்களில் மூலம், செய்தி, சான்று மூன்றையும் பிரித்துக் காட்டியதும் இக்காலத்தில்தான்.

ஆவணத்தை நிரப்பியவருக்குத் தரப்பட்ட அறிவுரையைப் படிப்பதும் மதிப்பீட்டின் பகுதியே. 1841ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கில், பதினைந்துக்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அதில் 30 என்று இருப்பவர் 34 வயதினராகவும் இருக்கலாம்.

மரபணுச் சோதனை புதிய அளவுகோலைத் தந்தது. 2012இல் லெஸ்டரில் தோண்டியெடுத்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் தாய்வழி உறவினரோடு பொருந்தின. தந்தைவழியாக வந்தோரென ஆவணங்கள் கூறுவோரோடு பொருந்தவில்லை. எழுதப்பட்ட வம்சாவளியில் எங்கோ ஒரு தந்தை வேறு ஆள். ஊரும் சட்டமும் யாரைத் தந்தையாக ஏற்றன என்பதையே ஆவணம் சொல்கிறது.

தமிழர் ஆவணங்கள்

யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் காலத்து (1658–1795) பள்ளித் தோம்புகள் என்னும் பதிவேடுகளில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்டன. திருமணம் சட்டப்படி செல்லவும் பதவி பெறவும் அந்தப் பதிவு தேவைப்பட்டதால், கிறிஸ்தவர் என்று அதில் எழுதப்பட்டிருப்பதைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வழிபாட்டை முடிவுகட்டக் கூடாது. பெயரும் உறவுமுறையும் காண்பதற்கோ தோம்பு அரிய சாதனம்.

சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, தாலுகா, ஊர் உண்டு. நிர்வாகம் அந்த எண்ணை வைத்தே ஆளை அடையாளம் கண்டதால் அதை நம்பலாம். பெயர், தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். வயதை அப்படி நம்ப முடியாது. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய தரகருக்கு, உழைக்கும் வயதாகக் காட்டுவது ஆதாயமாக இருந்தது.

தமிழ்நாட்டுப் பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இராது. ஆணா பெண்ணா என்பதும் பெற்றோர் பெயருமே இருக்கும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த நாள் சேர்க்கைக்கு வசதியாகத் தலைமையாசிரியர் போட்டதாக இருக்கலாம். ஒரு தலைமுறையில் பலருக்கு மே, ஜூன் மாதப் பிறப்பு அமைந்தது அப்படித்தான். ஜாதகம் இவற்றைவிடப் பயனுள்ளது, பொருத்தத்துக்காகத் திருத்தி எழுதப்படாத வரை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆண்டுப் பெயர் திரும்புவதால் ஆண்டு மட்டும் தடுமாற வைக்கும்: சர்வதாரி என்றால் 1888ஆ 1948ஆ? குருவும் சனியும் அறுபது ஆண்டு கழித்து அதே ராசிக்கோ அடுத்ததற்கோ வந்துவிடுவதால் அவை உதவா. ராகு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பதினெட்டரை ஆண்டு எடுத்துக்கொள்வதால், இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். ராசிக் கட்டத்தில் ராகு இருக்கும் இடத்தைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் அது எந்தச் சர்வதாரி என்பது தெரிந்துவிடும்.